போன தடைக்காலத்தில் மீந்த கிரைண்டர் வீல்களை இந்த ஆண்டு மாட்டலாமா? வீல் மாற்றும் முறை பற்றியும் ஒரு விளக்கம் தேவை

மண்டபம் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை இருக்கும். படகுகள் கரையேறியதும் சுக்கான் தகடு, வின்ச் அடிமானம், துருப்பிடித்த கைப்பிடிக் கம்பிகள் என்று அறுப்பதும் தேய்ப்பதுமாகவே பகல் கழியும். கடல் திறந்த பிறகு கிரைண்டரைத் தொடும் நாட்கள் குறைவு.

இதனால் ஒவ்வொரு ஆண்டும் கை கிரைண்டரில் மாட்டி இரும்பை அறுக்கும் கட்டிங் வீல்களும் தேய்க்கும் கிரைண்டிங் வீல்களும் மீந்துவிடுகின்றன. இந்த முறை பெட்டியைத் திறந்தபோது, பிரித்த பாக்கெட்டில் இருந்த வீல்களின் நடு வளையத்தில் செம்புள்ளிகள் தெரிந்தன. சிலவற்றில் தாள் லேபிள் சுருங்கியிருந்தது. பட்டறைக்கும் கடலுக்கும் இடையே ஒரு சாலைதான் தூரம். இந்த வீல்களைப் பயன்படுத்தலாமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பையன்களைப் பற்றியது. சுவிட்சை அணைத்திருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு பிளக்கைப் பிடுங்காமலேயே வீல் மாற்றுகிறார்கள். நட்டு இறுகிவிட்டால் உளியை வைத்து அடிக்கிறார்கள். சத்தம் போட்டால் அன்றைக்கு மட்டும் கேட்கிறார்கள். காரணத்தோடு எடுத்துச் சொல்லும்படி பெரியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர் (ஓய்வு)

தம்பிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான பதில் வீல் எதனால் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. இரும்புக்குப் பயன்படுத்தும் சாதாரண வீல் என்பது அலுமினியம் ஆக்சைடு மணிகளை ஃபீனாலிக் ரெசினால் பிணைத்து, உள்ளே கண்ணாடி இழை வலையை வைத்து, சூட்டில் இறுக வைத்த பொருள். மணிகளுக்கு ஆயுள் கெடு இல்லை. ரெசினுக்கும் வலைக்கும் உண்டு. ஈரம் அந்தப் பிணைப்பை மெல்ல மெல்லத் தளரச் செய்கிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று கெடு வைக்கிறார்கள். பல வீல்களில் நடுவிலுள்ள உலோக வளையத்திலேயே மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். வி 04/2027 என்று இருந்தால் அதற்கு மேல் அந்த வீலை மாட்டக்கூடாது என்று பொருள். வேறு சிலவற்றில் லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கெடு உலர்ந்த இடத்தில் வைத்திருந்த வீலுக்கு உரியது. கடற்காற்று படும் கொட்டகையில் பத்து மாதம் திறந்து கிடந்த வீலுக்கு அந்தத் தேதி எந்த உத்தரவாதமும் தராது.

வளையத்தில் துரு ஏறியிருக்கிறது என்றால் வீலுக்குள்ளும் ஈரம் போயிருக்கிறது என்றே கொள்ளுங்கள். லேபிள் சுருங்கியவை, தட்டையான பலகையில் வைத்தால் ஆடுபவை, விளிம்பு உதிர்ந்தவை, தேதி கடந்தவை ஆகிய அனைத்தையும் தனியே எடுத்துவிடுங்கள். எடுத்ததை முழுதாகக் குப்பையில் போடாமல் இரண்டாக உடைத்துப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் மாலைக்குள் யாராவது ஒரு பையன் அதை எடுத்து மாட்டிவிடுவான்.

பழைய ஆட்கள் வீலைத் தட்டி ஓசை கேட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மேசை கிரைண்டரில் உள்ள தடித்த, சுட்ட மண் பிணைப்புக் கல்லுக்கு அது சரியான சோதனை. ரெசினால் ஆன மெல்லிய கட்டிங் வீல் நல்லதாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கண்ணால் பார்ப்பதும் தேதியைப் பார்ப்பதும்தான் அதற்கு வழி.

வீல் மாற்றுவதைப் பற்றி. பிளக்கைப் பிடுங்கி, அதை வேலை செய்பவர் கண் எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலடி தள்ளி, இன்னொருவர் கைக்கு எட்டும் இடத்தில் பிளக் கிடக்கக்கூடாது. வீல் முழுவதும் நின்ற பிறகே தண்டைச் சுற்றாமல் பூட்டும் ஸ்பிண்டில் லாக் பட்டனை அழுத்த வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி முறிந்துவிடும், அடுத்த முறை நட்டைக் கழற்ற உளி தேடுவதற்கு அதுவே காரணமாகிவிடும். பழைய வீலை எடுத்ததும் வீலை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் இரண்டு ஃபிளேஞ்ச் முகங்களையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். நம் ஊரில் அந்த இடத்தில் துரு செதில் செதிலாக ஒட்டியிருக்கும். ஒரு செதில் இருந்தாலும் வீல் ஒரு பக்கமாகத் தூக்கி உட்காரும், நட்டை இறுக்கும்போது அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் முழுவதும் விழும். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

புதிய வீலில் எழுதியிருக்கும், நிமிடத்துக்கான அதிகபட்சச் சுற்று, மெஷின் தகட்டில் உள்ள சுற்றைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். துளை ஃபிளேஞ்சின் மேட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். மாட்டி முடித்ததும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, வீலை மூடியிருக்கும் பாதுகாப்புக் கார்டில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு, வீலின் நேர்கோட்டில் எவரும் நிற்காதபடி கீழ்நோக்கிப் பிடித்துச் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். உடையப் போகிற வீல் பெரும்பாலும் அந்த முதல் நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தங்கச்சிமடம் இரும்பு வேலை

பயிற்றுநர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. ஐயா சொல்வதுபோல் தூக்கி எறிந்தால் சிறிய பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் மீந்த வீல்களைத் தடைக்காலத்துக்கு முன்பு தகரத்தின் மேல் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைப்போம். வெகுகாலமாக இப்படித்தான் செய்கிறோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ரெசின் என்பது பிளாஸ்டிக் போன்ற பொருள்தானே, காய்ந்தால் பழைய நிலைக்கு வந்துவிடாதா?

ஐ.டி.ஐ. பயிற்றுநர் (ஓய்வு)

நியாயமான கேள்வி. ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வீல்கள் வினாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்குத் தயாரிக்கப்படுபவை. மணிக்குக் கிலோமீட்டரில் சொன்னால் 288. நூறு மில்லிமீட்டர் வீலுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,300 சுற்று. லேபிளில் அந்த எண்ணைத்தான் அச்சிடுகிறார்கள். நம் நான்கு அங்குல மெஷின்களில் பல 11,000 சுற்று ஓடுபவை. அப்போது விளிம்பு வேகம் வினாடிக்கு 58 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், உங்கள் வீல் தாங்கும்படி செய்யப்பட்ட விசையில் ஏறத்தாழப் பாதியைத்தான் அது சும்மா சுற்றும்போது சுமக்கிறது. மீதிப் பாதி, வெட்டும்போது வரும் திருகல், இடறல், சூடு ஆகியவற்றுக்காக விடப்பட்ட இருப்பு. ஈரம் பட்ட வீலைக் காயவைத்து மாட்டும்போது நீங்கள் அந்த இருப்பைத்தான் எடுத்துச் செலவு செய்கிறீர்கள். எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று வெளியே தெரியாது. வெயில் தண்ணீரை எடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ரெசினுக்கும் மணிக்கும், ரெசினுக்கும் கண்ணாடி இழைக்கும் இடையே விட்டுப்போன பிடிப்பை வெயில் திரும்ப ஒட்டாது. கூடவே, தகரத்தின் மேல் ஒரு பக்கம் சூடேறினால் ஒரு மில்லிமீட்டர் வீல் வளைந்துவிடும்.

இதே கணக்கை இன்னொரு பழக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். கார்டைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல வீலை நான்கு அங்குல மெஷினில் மாட்டுவதைக் கரையோரப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். 180 மில்லிமீட்டர் வீலுக்கு 80 மீட்டர் வேகம் என்பது ஏறத்தாழ 8,500 சுற்றுதான். அதை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் 103 மீட்டரைத் தாண்டிவிடும். விசை, தாங்க வேண்டிய அளவைப்போல் 1.7 மடங்கு. அங்கே இருப்பே கிடையாது, கடன்தான். பதினான்கு அங்குலக் கட்டிங் மெஷினில் தேய்ந்துபோன வீலை ‘இன்னும் கொஞ்சம் இருக்கிறதே’ என்று கை கிரைண்டரில் மாட்டுவதும் இதே வகைதான். முழு அளவில் அந்த வீலுக்கு அனுமதித்த சுற்று ஏறத்தாழ 4,300 மட்டுமே.

கீழக்கரை ஹார்ட்வேர்

கடைக்காரனாக என் பங்குக்குச் சில விவரங்கள் சொல்கிறேன். கட்டுப்படியாகாது என்று தங்கச்சிமடம் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மீந்துபோவதற்கு மூல காரணம் பெட்டிக் கணக்கில் வாங்குவதுதான். தடைக்காலம் தொடங்கும்போது ஐம்பது வீல் பெட்டியை வாங்கினால் ஒரு வீலுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறையும் என்பதற்காக வாங்குகிறார்கள். அந்த லாபம் ஆண்டுக்கடைசியில் குப்பைக்குப் போகிறது. மே மாதம் பாதிக்குப் பிறகு பத்துப் பத்தாக வாங்குங்கள் என்றே நான் என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன்.

வாங்கும் இடத்திலேயே தேதியைப் பாருங்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்களில் பலர் வாசலில் ஓர் ஆணியில் வீல்களைக் கோத்துத் தொங்கவிடுவது வழக்கம். விளம்பரத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் கடற்காற்றும் மாலை வெயிலும் நேராகப் படுவது அவற்றின் மீதுதான். அந்தக் கோவையிலிருந்து எடுத்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி உள்ளிருந்து கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

வைக்கும் முறைக்குப் பெரிய செலவு இல்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் தட்டையான தகடு, அதன்மேல் வீல்களைப் படுக்கையாக அடுக்கி, மேலே இன்னொரு தகடு. மெல்லிய வீல்களைச் சாய்த்து வைக்கவோ அவற்றின் மேல் சுத்தியலைப் போடவோ கூடாது. வெல்டிங் ராடு வைக்கும் இடத்தை நீங்கள் எவ்வளவு கவனமாக உலர வைத்திருக்கிறீர்களோ, அதே கவனம் வீலுக்கும் வேண்டும். ராடு ஈரமானால் வெல்டு மட்டுமே கெடும்.

லேபிளைப் படிப்பதற்கு ஒரு சிறு உதவி. எழுத்துக்கோவையின் தொடக்கத்தில் ஏ என்று இருந்தால் அலுமினியம் ஆக்சைடு, அதாவது இரும்புக்கு உரியது. சி என்றால் சிலிக்கான் கார்பைடு. கல், காங்கிரீட் போன்றவற்றுக்கு. இறுதியில் பி.எஃப். என்று இருந்தால் இழை வலை வைத்த ரெசின் வீல். கை கிரைண்டரில் மாட்ட பி.எஃப். இல்லாத ரெசின் வீலை வாங்காதீர்கள். வேகக் கோடு போட்டிருந்தால், 80 மீட்டருக்குச் சிவப்பு.

தொண்டி படகுத் தச்சு

இந்த உரையாடல் இழையில் மர வேலையையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கரையில் நான் பார்க்கும் காயங்களில் மோசமானவை வீல் உடைந்ததால் வந்தவை அல்ல. மரப்படகின் பழைய பலகையைக் கழற்றும்போது, கையில் கிரைண்டர் இருக்கிறது என்பதற்காகப் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை அதில் மாட்டிவிடுகிறார்கள். பிளேடின் துளை 20 மில்லிமீட்டர், மெஷினின் மேடு 16 மில்லிமீட்டர். இடையில் ஒரு வளையம், சில நேரம் வெறும் கம்பிச் சுருள். கார்டு தடுக்கிறது என்று அதையும் கழற்றிவிடுவார்கள்.

படகுப் பலகைக்குள் எத்தனை ஆணி, எத்தனை போல்ட்டு புதைந்திருக்கிறது என்று கட்டியவருக்கே நினைவிருக்காது. மேலே இடுக்குகளை அடைக்கும் கலப்பற்றுப் பூச்சு இருப்பதால் வெளியே தெரியவும் செய்யாது. பல் ஆணியில் மாட்டிய கணத்தில் மெஷின் கையை உதறிக்கொண்டு திரும்பும். கட்டிங் வீலாக இருந்தால் உரசும், தேயும், இல்லையென்றால் உடையும். பல் பிளேடு அப்படி இல்லை, அது கடித்து இழுக்கும். எங்கள் பக்கத்துத் தளத்தில் வேலை செய்த ஒருவருக்குத் தொடையில் அப்படித்தான் பட்டது. மரத்துக்கு வட்ட ரம்பமோ ஜிக் சாவோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆணி இருக்கும் வரிசையைக் காந்தம் வைத்து முதலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவதைப் பற்றி ‘எப்படிப் பாதுகாப்பாக மாட்டுவது’ என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதே இல்லை.

வளைகுடா ஃபேப்ரிகேட்டர், சொந்த ஊர் ஏர்வாடி

தச்சர் அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்கிறேன். இங்கே கார்டு இல்லாத கிரைண்டரைக் கையில் பிடித்தபடி நடந்தாலே மெஷினை வாங்கிவைத்துவிடுவார்கள். காலாண்டுக்கு ஒரு நிறம் என்று பரிசோதித்த அடையாளப் பட்டை ஒயரில் ஒட்டியிருக்க வேண்டும். ஊருக்கு விடுமுறையில் வந்தால், அதே ஆட்கள், இங்கே ஒழுங்காக வேலை செய்தவர்கள், கார்டைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டு வேலை செய்வதைப் பார்க்கிறேன். நம் கைகளுக்குத் தெரியாத வேலை இல்லை. கேட்க ஆள் இல்லை என்பதுதான் வேறுபாடு.

நட்டைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. பெரும்பாலான நான்கு அங்குல மெஷின்களில் வெளி நட்டின் ஒரு பக்கத்தில் சிறு மேடும் மறுபக்கம் தட்டையும் இருக்கும். ஆறு மில்லிமீட்டர் கிரைண்டிங் வீலுக்கு மேடு வீலின் துளைக்குள் இறங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீலுக்கு நட்டைத் திருப்பி, தட்டைப் பக்கம் வீலில் படும்படி போட வேண்டும். திருப்பாமல் போட்டால் மேடு உள் ஃபிளேஞ்சில் முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு இறுகிவிட்டதாகத் தோன்றும், வீல் உண்மையில் தளர்ந்தே இருக்கும். லாக்கை அழுத்திக்கொண்டு வீலைக் கையால் திருகிப் பாருங்கள். நழுவினால் நட்டு தலைகீழாக இருக்கிறது. மெஷினோடு வந்த தாளில் உங்கள் மாடலுக்கான படம் இருக்கும், அதையும் ஒருமுறை பையன்களோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

நடுக்குழி வைத்த கிரைண்டிங் வீலில் நட்டு அந்தக் குழிக்குள் மறைய வேண்டும். நட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வீல் பின்புறமாக மாட்டப்பட்டிருக்கிறது.

மண்டபம் பட்டறை

அனைவருக்கும் நன்றி. வீல்களைப் பிரித்துப் பார்த்தேன். தேதி கடந்தவையும் துரு ஏறியவையும் சேர்ந்து பாதிக்கு மேல் போய்விட்டன. உடைத்துச் சாக்கில் கட்டிவிட்டேன். பிரிக்காத ஒரு பாக்கெட் மட்டும் நன்றாக இருக்கிறது.

நட்டு இறுகுவதற்கு என்ன செய்வது என்று இன்னும் தெளிவாகவில்லை. பையன்கள் மாட்டும்போது ஸ்பானரின் மேல் குழாயைச் செருகி இறுக்குகிறார்கள். இன்னொன்று: ஐந்து அங்குல வீல் ஒரு நண்பரிடமிருந்து சும்மா கிடைக்கிறது. அதில் 12,200 சுற்று என்று எழுதியிருக்கிறது, என் நான்கு அங்குல மெஷின் 11,000. கணக்குப்படி வேகம் சரியாகத்தானே இருக்கிறது?

ஐ.டி.ஐ. பயிற்றுநர் (ஓய்வு)

கணக்கைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், பாராட்டுகள். வேகம் பொருந்துகிறது. ஆனால் ஐந்து அங்குல வீலின் துளை 22.23 மில்லிமீட்டர், உங்கள் மெஷினின் மேடு 16. இடைவெளியை வாஷரால் நிரப்பினால் வீல் மையம் விலகி அதிரும். வீலும் உங்கள் கார்டுக்குள் அடங்காது, அப்படியானால் அடுத்து கார்டு கழன்றுவிடும். நண்பரிடம் நன்றி சொல்லிவிட்டு, ஐந்து அங்குல மெஷின் வைத்திருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நட்டு இறுகுவதற்குக் காரணம் உங்கள் பையன்களே. மெஷின் சுற்றும் திசையில் வெட்டும்போது எதிர்விசை நட்டை மேலும் இறுக்கும்படிதான் மரையை அமைத்திருக்கிறார்கள். ஆகவே மாட்டும்போது ஸ்பானரால் உறுதியாக ஒரு பிடி பிடித்தால் போதும். குழாய் செருகினால் உள்ளிருக்கும் வீலில்தான் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால், பிளக்கைப் பிடுங்கியபின் லாக்கை அழுத்திக்கொண்டு, இரண்டு ஊசிகளும் துளைக்குள் முழுதாக இறங்கிய நல்ல ஸ்பானரால் திருப்புங்கள். ஊசி தேய்ந்த ஸ்பானர் வழுக்கும். புதியது வாங்கப் பெரிய செலவாகாது. அப்போதும் வராவிட்டால், எப்படியும் எறியப் போகிற வீல்தானே, தோல் கையுறை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு குறட்டால் வீலைத் துண்டு துண்டாக உடைத்து எடுத்துவிடுங்கள். வீலின் தடிமன் போனதும் நட்டின் மேலுள்ள அழுத்தம் தளர்ந்து கையாலேயே வந்துவிடும். உளியால் அடித்தால் நட்டின் துளை சிதையும், கியரின் பல் அடிபடும். அடிபட்ட பல் அன்றைக்குக் காட்டாது, வேறொரு நாள் வேலையின் நடுவே காட்டும். எண்ணெய் விட்டால் அதைத் துடைத்து உலர்த்திய பிறகே புதிய வீலை வையுங்கள்.

பாம்பன் பக்கம்

ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கச் சொல்வதற்குப் பையன்களிடம் நான் கூறும் காரணம் மின்தடை. வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போகும். மெஷினின் நகர்த்துச் சுவிட்ச் ஆன் நிலையிலேயே நின்றுவிடும். ‘கரண்ட் இல்லை, இந்த நேரத்தில் வீலை மாற்றிவிடலாம்’ என்று ஒருவர் உட்காருவார். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடும், ஸ்பானர் நட்டில் இருக்கும். ஜெனரேட்டரில் ஓட்டுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சுவிட்சை மட்டும் நம்புபவர்களிடம் இதைச் சொல்லுங்கள், மறுபேச்சு வராது.

படகின் மேல் தளத்தில் வேலை செய்பவர்கள் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத ஒயரைக் கொண்டுபோகாதீர்கள். உப்புத் தண்ணீர் தேங்கிய பலகையில் டேப் சுற்றிய ஒட்டு ஒயர் கிடப்பதை இன்றும் பார்த்தேன்.

கையுறை பற்றி ஒரு சந்தேகம். சுற்றும் மெஷினில் கையுறை போடக்கூடாது என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். பயிற்றுநர் ஐயா தோல் கையுறை போடச் சொல்கிறார்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர் (ஓய்வு)

உங்கள் மேஸ்திரி துளைபோடும் மெஷினையும் கடைசலையும் மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். அங்கே அது சரி, ஏனென்றால் கை சுற்றும் பாகத்துக்கு அருகில் போகிறது. கிரைண்டரில் இரண்டு கையும் இரண்டு பிடியில் இருக்க வேண்டும், அதனால் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாட்டுங்கள். கைக்குப் பொருந்திய தோல் கையுறை பொறியிலிருந்தும் கூர்முனையிலிருந்தும் காக்கும். தளர்ந்த நூல் கையுறைதான் வேண்டாதது, நூல் பிரிந்து சுற்றிக்கொள்ளும். கழுத்தில் தொங்கும் துண்டும் மடித்துக் கட்டாத கைலியும் அதே கணக்கில் வரும். வெயிலுக்குத் துண்டு வேண்டுமென்றால் தலையில் இறுகக் கட்டிக்கொள்ளட்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகத் தடுப்பு, இரண்டுமே வேண்டும். பொறி உள்ளே போய்விட்டால் பக்கத்தில் நிற்பவர் துணி முனையாலோ தீக்குச்சியாலோ எடுக்கும் பழக்கத்தை இத்தோடு நிறுத்துங்கள். இரும்புத் துகள் கருவிழியில் சில மணி நேரத்திலேயே துரு வளையம் பிடிக்கத் தொடங்கும். அதை எடுப்பது கண் மருத்துவரின் வேலை.

தங்கச்சிமடம் இரும்பு வேலை

பாதி இருப்பு என்ற கணக்கைப் படித்த பிறகு வெயிலில் காயவைக்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனாலும் எறிவது மனதுக்கு ஒப்பவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். எங்கள் தளத்தில் இனி நாலு பட்டறையும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பிரித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்; விலையும் குறையும், மீதியும் இருக்காது.

இன்னொரு கேள்வி. புரொப்பெல்லர் தண்டு ஸ்டெயின்லெஸ். அதே வீலால் இரும்பைத் தேய்த்துவிட்டுத் தண்டைத் தேய்த்தால் சில நாட்களில் அந்த இடத்தில் துருக்கறை வருகிறது. இது வீலின் குறையா?

கீழக்கரை ஹார்ட்வேர்

வீலில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் தண்டின் மேல் பதிந்து, உப்புக் காற்றில் அதுதான் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ‘ஐனாக்ஸ்’ என்று எழுதிய வீலைத் தனியே வைத்துக்கொண்டு, அதை வேறு எதிலும் தொடாதீர்கள். இரும்பு, கந்தகம், குளோரின் சேராமல் தயாரிக்கப்படுவது அது. வீலின் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் பையன்களுக்குக் குழப்பம் வராது. கோட்டை லேபிள் மேல் போடுங்கள், தேதியையும் சுற்று எண்ணையும் மறைத்துவிடாதீர்கள்.

அலுமினியத்தையும் சாதாரண வீலால் அறுக்காதீர்கள். உலோகம் உருகி மணிகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும், வீல் வெட்டாமல் உரசிச் சூடேறும், வேலை செய்பவர் கூடுதலாக அழுத்துவார்.

மண்டபம் பட்டறை

பையன்கள் இருவரையும் வைத்து இந்த இழையை உரக்கப் படிக்கச் சொன்னேன். மின்தடைக் கதைக்கு மட்டும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னவென்று நான் கேட்கவில்லை. பரண் மேல் கிடந்த கார்டு துருப்பிடித்துக் கவ்வி உடைந்திருக்கிறது. இந்த மாடலுக்குக் கார்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கீழக்கரை ஹார்ட்வேர்

கிடைக்கும். மெஷின் தகட்டிலுள்ள மாடல் எண்ணைப் படமெடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கழுத்து விட்டம் மாடலுக்கு மாடல் மாறும், கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது. கட்டிங் வேலை கூடுதலாக இருந்தால் இரண்டு பக்கமும் மூடிய கார்டு கேட்டு வாங்குங்கள், கிரைண்டிங்குக்கு ஒரு பக்கக் கார்டு போதும். அது வரும்வரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள்.